வென்ற ஆளை ஏன் மறுபடி அடிக்கிறீர்கள்?

‘சார்பட்டா பரம்பரை’ குத்துச்சண்டைப் படத்தின் இரண்டாம் பாகம் எப்போது வரும் என்ற கேள்வி மறுபடி கிளம்பிவிட்டது. டீக்கடையில், கம்பெனி பஸ்ஸில், கும்மிடிப்பூண்டி லோக்கலில் என்று எங்கே பார்த்தாலும் ஒருவர் இன்னொருவரைக் கேட்கிறார். கேட்கப்பட்டவர் செல்போனைத் தடவிப் பார்த்துவிட்டு, கூடிய சீக்கிரம் அப்டேட் வரும் என்பதுதான் இப்போதைய அப்டேட் என்கிறார். 2023 மார்ச்சில் இயக்குநர் பா. ரஞ்சித்தும் நடிகர் ஆர்யாவும் அறிவித்த படம். இதை எழுதும்வரை வரவில்லை. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்துக்கு டெஸ்ட் ஆட வந்த மொயின் அலியிடம், பாவம், பந்து தடுக்க நின்ற மனிதரிடம், ‘வலிமை’ படத்துக்கு அப்டேட் கேட்ட பரம்பரை நாம். நமக்குக் காத்திருப்பது ஒரு பொழுதுபோக்கு. எனவே தாமதத்தைப் பற்றி எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அந்தப் படம் வரவே வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்பதைக் காரணத்தோடு சொல்கிறேன். எடுத்தே தீருவோம் என்று நிற்பவர்களுக்கு, எப்படி எடுக்க வேண்டும் என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் பாகத்தில் என்ன வேண்டும் என்று எந்த ரசிகரைக் கேட்டாலும், நாயகன் கபிலனும் எதிராளி வேம்புலியும் மறுபடி மோத வேண்டும் என்பார். ஐயா, மோதிவிட்டார்கள். முதல் மேட்ச்சில் கபிலன் கை ஓங்கியிருந்தபோது கலவரம் மூண்டது, அவன் மானம் போனது, ஆட்டம் நின்றது. சாராயம், ஜெயில், தொப்பை எல்லாம் ஆன பிறகு பீடி ராயப்பனிடம் குத்துச்சண்டை பழகி, இரண்டாவது மேட்ச்சில் வேம்புலியைச் சாய்த்தான். விழுந்தவன் திரும்பி வந்து வெல்வதற்கு நம் ஊரில் தனிப் படம் எடுக்கும் வழக்கமே கிடையாது. அது இடைவேளைக்குப் பின் வரும் பாதி. 1976-இல் வந்த ‘ராக்கி’யில் பதினைந்து ரவுண்டு தாக்குப்பிடித்து, நடுவர் தீர்ப்பில் தோற்ற ஆளின் மறு மேட்ச்சைப் பார்க்க அமெரிக்க ரசிகர் 1979 வரை காத்திருந்தார். நமக்கு அந்தக் காத்திருப்பு ஒரு சமோசா தின்னும் நேரம். ஒரே டிக்கெட்டில் தோல்வியையும் பழிதீர்ப்பையும் சேர்த்து வாங்கிப் பழகிய ஜனங்களுக்கு இரண்டாம் பாகம் என்று தருவது கணக்குப்படி மூன்றாம் பாதி. ஒரு பொருளுக்கு எத்தனை பாதி இருக்க முடியும்?

சரி, கணக்கை விட்டுவிட்டு நியாயத்துக்கு வருவோம். மறு மேட்ச் கேட்கும் உரிமை தோற்றவனுக்கு உரியது. கடைசியில் தோற்றவன் யார்? வேம்புலி. ஊரே பார்க்க விழுந்தவன் அவன். அவனுடைய இடியாப்ப பரம்பரைக்காரர் வீடுகளில் அன்று இரவு சோறு இறங்கியிருக்காது. இன்றைய தேதியில் ரிங்கில் எளியவன் அவன்தான். அவனுக்கு ஒரு குடும்பம், ஒரு அவமானம், விடிகாலையில் கடற்கரையோரம் ஒரு ஓட்டம், அதற்கு ஒரு பாட்டு என்று கொடுத்து எடுத்தால் அதுதான் முறையான இரண்டாம் பாகம். எடுப்பார்களா? வேம்புலியாக ஜான் கொக்கென் நன்றாகத்தான் நடித்திருந்தார். ஆனால் அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டு போஸ்டர் ஒட்டினால் முதல் காட்சிக்குப் பால்குடம் யார் தூக்குவது? ‘ராக்கி 2’-இலும் மறு மேட்ச் கேட்டுச் சீண்டுகிறவன் வென்ற அப்போலோ கிரீட்தான். தோற்ற ராக்கி கையில் வந்த பணத்தோடு ஒதுங்கத்தான் பார்க்கிறான். எளியவனின் மறு மேட்ச் என்று நாம் உருகுகிற சமாசாரத்தை எளியவன் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். போன தடவை ஜெயித்தவர்கள் கேட்கிறார்கள், போன தடவை லாபம் பார்த்தவர்கள் கேட்கிறார்கள், டிக்கெட் வாங்கியவர்கள் கேட்கிறார்கள். அடிவாங்கப் போகிறவனைத் தவிர எல்லோரும் கேட்கிறார்கள். (அதே படத்தின் டான்சிங் ரோஸுக்குத் தனிப் படம் வேண்டும் என்பவர்கள் இன்னொரு கூட்டம். அந்த வேடத்தில் ஷபீர் கல்லரக்கல் ஒரே மேட்ச் ஆடிவிட்டுப் போனதால்தான் மனதில் நிற்கிறார். இரண்டரை மணி நேரம் அப்படியே ஆடினால் நாமே எழுந்துபோய் உட்காரச் சொல்வோம்.)

நிஜக் குத்துச்சண்டையில் மறு மேட்ச் இல்லையா, முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மூன்று தடவை மோதவில்லையா என்று மடக்குவார்கள். மோதினார்கள். 1971-இல் நியூயார்க்கில் ஃப்ரேசியர் வென்றார். 1974-இல் அதே அரங்கில் அலி வென்றார். 1975-இல் மணிலாவில், பதினைந்தாவது ரவுண்டுக்குப் போகவிடாமல் ஃப்ரேசியரை அவருடைய பயிற்சியாளரே நிறுத்திவிட்டார். மூன்றிலும் மணி அடிக்கும்வரை யார் ஜெயிப்பார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் அது மேட்ச். படத்தில் யார் ஜெயிப்பார் என்பது போஸ்டரில் யார் முகம் பெரிது என்பதிலேயே தெரிந்துவிடுகிறது. அதே அலி 1980-இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஒரு காட்சிப் போட்டி ஆடினார். காட்சிப் போட்டியைக் காட்சிப் போட்டி என்று சொல்லியே நடத்தினார்கள். அந்த அளவு நேர்மை போதும், நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்போது என் முக்கியமான ஆட்சேபணை. வென்றவனை வைத்துக் கதை நகராது. ஆகவே இரண்டாம் பாகத்தின் முதல் வேலை, முதல் பாகத்தில் வாங்கிய வெற்றியை அவனிடமிருந்து பிடுங்குவது. ராக்கிக்கு என்னென்ன செய்தார்கள் பாருங்கள். இரண்டில் காசு கரைந்தது. மூன்றில், 1982-இல், சொகுசில் ஊறி உதை வாங்கினான். வாத்தியார் மிக்கி செத்துப்போனார். நான்கில் சிநேகிதனாகிவிட்ட அப்போலோ செத்தான். ஐந்தில், 1990-இல், சொத்தெல்லாம் போய்ப் பழைய தெருவுக்கே திரும்பினான். 2006-இல் வந்த படத்தில் மனைவியும் இல்லை. பிறகு செத்த சிநேகிதனின் மகனைக் கூட்டிவந்து ‘கிரீட்’ என்றார்கள்; 2018-இல் அந்த மகனையும், அப்பனைக் கொன்றவனின் மகனையும் மோதவிட்டார்கள், அதுவும் ஒரு தடவை போதாமல் இரண்டு தடவை. கபிலனுக்கு எதைச் செய்வது? குடி ஆயிற்று, கள்ளச்சாராயம் ஆயிற்று, சிறை ஆயிற்று, மனைவி மாரியம்மாவோடு சண்டை ஆயிற்று, நடு ரிங்கில் அவமானமும் ஆயிற்று. ரஞ்சித் ஒரே படத்தில் கஷ்டத்தின் சரக்கு முழுவதையும் இறக்கிவிட்டார், குடோன் காலி. மிச்சம் இருப்பது கபிலனின் குரு ரங்கன் வாத்தியார் உயிர் ஒன்றுதான். இரண்டாம் பாகத்தில் ரங்கனாக நடித்த பசுபதி ஒரு தடவை இருமினால் போதும், தியேட்டரே கைக்குட்டையை எடுத்துவிடும். அதற்கு மேலும் ஒருவனைக் கவிழ்க்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புவது. துறைமுகத்தில் கூலி வேலை பார்த்த கபிலனின் பேரனை லோக்கலில் ஏற்றுங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வண்டி வடக்கே போகும். அடுத்து அத்திப்பட்டு புதுநகர், அதற்கடுத்து அத்திப்பட்டு. சென்னையிலிருந்து போகிறவருக்கு இரண்டாம் பாகம் முதலில் வந்துவிடுகிறது. ரயில்வே இதற்கென்று ஒரு அப்டேட்டும் விட்டதில்லை. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் சிப்காட் தொழிற்பேட்டை. பயிற்சிக் காட்சி என்று தனியாக எடுக்க வேண்டாம். ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்புகிறவன் மணல் மூட்டையைக் குத்தித்தான் கைக்கு வலு ஏற்ற வேண்டும் என்பதில்லை. வியர்வை நிஜம், மூச்சிரைப்பு நிஜம், சூப்பர்வைசர் குரல் நிஜம். பின்னணியில் சந்தோஷ் நாராயணன் இசை இல்லை, அது ஒன்றுதான் குறை. இனி மறு மேட்ச்சுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம். ரிங்கில் விழுந்தவனுக்கு நடுவர் பத்து வரை எண்ணுவார். இங்கே விழாமல் நிற்பவனுக்கு 480 வரை எண்ண வேண்டும். எண்ணுகிறவருக்குத்தான் நானூறைத் தாண்டும்போது தொண்டை கட்டிக்கொள்கிறது. கேட் பாஸ் முடிந்தது, கொஞ்ச நாள் வீட்டில் இரு, அப்புறம் வேறு கான்ட்ராக்டர் பேரில் வா. அதே கேட், அதே மெஷின், அதே நைட் ஷிப்ட், அதே ஆள்; பாஸ் மட்டும் புதிது, நாள் கணக்கும் ஒன்றிலிருந்து புதிது. மாநிலம் முழுக்கத் தொழிற்சங்கங்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் புகார் இது. ஒரு மனிதன் ஜெயித்துவிடுவானோ என்ற கட்டத்தில் அவன் கணக்கை அழித்து, முதலிலிருந்து ஆரம்பி என்று சொல்வதற்குத் திரையுலகில் இரண்டாம் பாகம் என்று பெயர், சிப்காட்டில் பிரேக் என்று பெயர். எதிர்த்துக் கேட்டால் மறு மேட்ச் கட்டாயம் உண்டு. முதலில் சமரச அதிகாரி முன்னால், பிறகு தொழிலாளர் நீதிமன்றத்தில். எதிர்த் தரப்பு வரவில்லை, வாய்தா. வக்கீல் வரவில்லை, வாய்தா. அந்த வேகத்தைப் பார்த்தவர்கள் சார்பட்டா இரண்டாம் பாகத்தைத் தாமதம் என்றே சொல்ல மாட்டார்கள்.

அப்படி வாழ்கிறவனுக்குத்தானே ஜெயிக்கிற படம் தேவை, அதையும் ஏன் கெடுக்கிறாய் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஜெயிக்கிற படம் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. கபிலன் அதில் ஜெயித்தே முடித்துவிட்டான். இன்னொரு தடவை அவன் எழுந்து நிற்பதை விற்க வேண்டுமானால், முதலில் அவனைக் கீழே தள்ளியாக வேண்டும். காக்களூரிலும் தேர்வாய்கண்டிகையிலும் ஷிப்ட் முடித்து வருகிறவனிடம் காசு வாங்கிக்கொண்டு, அவன் வேலையிடத்தில் சும்மா பார்ப்பதையே முக்கால் படம் காட்டியாக வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்துக்காக அவன் பொறுத்துக்கொள்வான் என்பது தயாரிப்பாளரின் நம்பிக்கை. பொறுத்துக்கொள்வான். பொறுத்துப் பொறுத்துத்தானே பழக்கம். அதற்காக அவனிடமே வசூலிப்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. வயதாகிவிட்டது, எதைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறான் என்று என்னைச் சொல்லலாம், சொல்கிறார்கள். வயதுக்கும் எரிச்சலுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன், வாதத்துக்கும் வயதுக்கும் இல்லை.

ஒரே ஒரு எதிர்வாதத்துக்குத்தான் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன். முதல் பாகம் கொரோனாக் காலத்தில், 2021 ஜூலை 22 அன்று, தியேட்டர் பக்கமே வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்தது. ரிங்கைச் சுற்றி நின்று கத்திப் பார்க்க வேண்டிய படத்தை உள்ளங்கை அகலத் திரையில், காதில் இயர்போன் செருகிக்கொண்டு, வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று ஓசையில்லாமல் பார்த்தோம். அதிலும் இடைவேளை கிடையாது; கபிலன் விழுந்ததும் கதை அவன் வீழ்ச்சிக்குள் தடதடவென்று ஓடியது, அந்த அவமானத்தை வெளியே போய்ப் பேசி ஆற்றிக்கொள்ளக்கூட நேரமில்லை. இரண்டாம் பாகத்தையாவது பெரிய திரையில் நாலு பேரோடு சேர்ந்து பார்க்கலாமே என்று ஏங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஏக்கத்துக்குப் புதுப் படம் எதற்கு? 2004-இல் வந்த ‘கில்லி’யை 2024-இல் மறுபடி போட்டபோது, கதை தெரியும் என்று யாராவது வீட்டில் இருந்தார்களா? வசனத்தைத் திரைக்கு முன்னால் சொல்லிக் காட்டத்தான் போனார்கள்.

ஆகவே உரிமை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அப்டேட் எதுவும் விட வேண்டாம். முதல் பாகத்தையே இந்தப் பக்கம் மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை, அந்தப் பக்கம் ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை, கிடைக்கிற தியேட்டரிலெல்லாம் போடுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக ஒரு காலைக் காட்சி சேர்த்துக்கொள்ளுங்கள். இடைவேளை விட மறந்துவிடாதீர்கள். மறு மேட்ச் அதற்குப் பிறகுதான் வருகிறது.