கேட்டதற்கு மட்டும் பதில்: குடியுரிமைத் தேர்வும் அதியமான்கோட்டையின் பேச்சு மரபும் குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரையும் கருதுகோளும்

தேர்வுகள் இரு வகைப்படும். தெரிந்ததையெல்லாம் கொட்டச் சொல்வது ஒரு வகை. கேட்டதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளச் சொல்வது மற்றொரு வகை. முதல் வகையில் நம்மவர் தோற்றதாகச் சான்று இல்லை. இரண்டாம் வகையில் வென்றதாகச் சான்று குறைவு. அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலில் நடக்கும் குடிமையியல் தேர்வு இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதற்குப் படிப்போரோ அதை முதல் வகை என்று எண்ணி இரவு பகலாக உழைக்கிறார்கள். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. ஆய்வுக் களம்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது அதியமான்கோட்டை. தகடூர் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கிய ஊர். இப்பக்கத்துப் பிள்ளைகள் பொறியியல் முடித்து, பெங்களூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து டெக்சாஸுக்கோ நியூ ஜெர்சிக்கோ போய்ச் சேர்ந்து, குடியுரிமை வாங்கி, பின்னர் பெற்றோருக்கும் கிரீன் கார்டு எடுத்துக் கொடுக்கிறார்கள். பெற்றோரோ ஆண்டுக்கொரு முறை ஏதாவது கல்யாணத்தையோ புளியமரக் குத்தகையையோ காரணம் காட்டி ஊருக்கு வந்துவிடுகிறார்கள். ஐந்தாண்டு நிறைந்ததும் என்-400 என்னும் விண்ணப்பம் போகிறது. படிப்பு நடப்பது ஊரில். பரீட்சை நடப்பது அங்கே.

வயதைச் சொல்லித் தப்பிக்க இயலாதா என்ற ஐயம் எழலாம். கிரீன் கார்டோடு 20 ஆண்டு வாழ்ந்த 50 வயதினரும், 15 ஆண்டு வாழ்ந்த 55 வயதினரும் தாய்மொழியிலேயே விடை சொல்லலாம். 65 வயதாகி 20 ஆண்டும் முடித்தவர்களுக்குப் பாடமே குறைவு. அறுபது வயதில் விமானம் ஏறிய ஓர் அம்மாவுக்கு இச்சலுகைகளில் ஏதேனும் ஒன்று முதன்முதலாகக் கைக்கு எட்டும்போது வயது 75 ஆகியிருக்கும். ஆகவே அவர் ஆங்கிலத்தில்தான் தேற வேண்டும்.

மாதிரித் தெரிவு பற்றி ஒரு சொல். கேட்டதும் பதில் சொன்னவர்கள் அனைவரும் இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். கேட்காமலே பதில் சொன்னவர்களும் சேர்க்கப்பட்டதால் மாதிரி சற்றுப் பெருத்துவிட்டது.

3. வரலாற்றுப் பின்னணி

கேள்வி கேட்கிறார்களே என்று சலிப்போர், கேள்வியே கேட்கப்படாத காலத்தை நினைவில் கொள்க. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர் பகத்சிங் திண்ட். அவர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடிமகனாக முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923-இல் தீர்ப்பளித்தது. எத்தனை கேள்விக்கு விடை தெரிந்திருந்தாலும் அப்போது பயனில்லை. இந்தியர்களுக்கு அந்த வாசல் திறந்தது 1946-இல் வந்த லூஸ்-செல்லர் சட்டத்தால்தான். அதுவும் குடியேற்றம் ஆண்டுக்கு 100 பேர் என்ற கணக்கோடு. விண்ணப்பிப்போர் வரலாறும் ஆட்சிமுறையும் அறிந்திருக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தியது 1950-இல்.

நம் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது இதனினும் கடுமை. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரின் கணக்கு 1974-க்குத் தள்ளிப்போனது. எண்ணிக்கை முடிவான அறையில் அந்த மக்களிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கப்படவில்லை. கேள்வித்தாள் இல்லாமலே முடிவு வெளியான தேர்வு அது.

இந்தியாவில் குடியுரிமை கேட்டு வரும் வெளிநாட்டவருக்கு இத்தகைய கேள்விப் பட்டியல் இல்லை. எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்று போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழும் அதில் ஒன்று.

4. பாடத்திட்டம்

நெடுங்காலம் 100 கேள்விகள் இருந்தன. அவற்றில் 10 கேட்பார்கள். 6 சரியானால் தேர்ச்சி. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்கு 128 கேள்விகள், 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். 12 சரியானதும் அதிகாரி நிறுத்திவிடுவார். 9 தவறானாலும் நிறுத்திவிடுவார். தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் மறு வாய்ப்பு உண்டு. ஓர் ஆங்கில வாக்கியம் வாசிக்க வேண்டும்; ஒன்று எழுத வேண்டும்.

இங்கிலாந்தில் 24 கேள்விக்கு 18, கனடாவில் 20-க்கு 15, ஜெர்மனியில் 33-க்கு 17 என்று கணக்கு வேறு. அங்கெல்லாம் தந்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். டி.என்.பி.எஸ்.சி.க்கு வட்டத்தைக் கறுப்பாக்கிப் பழகிய கைக்கு அது பெரிய காரியமில்லை. அமெரிக்காவில் மட்டும் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

5. ஆயத்த முறைகள்

களத்தில் மூன்று முறைகள் வழக்கிலுள்ளன.

முதலாவது, *தாள்முறை*. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் கேள்வி ஆங்கிலத்திலும் பதில் தமிழ் எழுத்திலுமாக எழுதப்படுகிறது. ‘கான்ஸ்டிடியூஷன்’ என்பது நான்கு தாள்களில் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. தாள்கள் துணிக் கிளிப்பில் கோத்து, அடுப்படி ஜன்னல் கம்பியில் தொங்கவிடப்பட்டிருந்தன. களி கிண்டும்போது கைக்குத்தான் ஓய்வில்லை, கண்ணுக்கு ஓய்வுதான் என்பது தகவலாளியின் விளக்கம். மேலே இருந்த தாளில் ராகி மாவு ஒட்டி, ஜெஃபர்சனின் பாதிப் பெயர் மறைந்துவிட்டிருந்தது.

இரண்டாவது, *எண்முறை*. இது முழுக்க உள்ளூர்க் கண்டுபிடிப்பு. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 9: நவக்கிரகம். அரசமைப்புத் திருத்தங்கள் 27: அசுவினி முதல் ரேவதி வரை. செனட்டர்கள் 100: கௌரவர்கள். செனட்டர் பதவிக்காலம் 6 ஆண்டு: அறுபடை வீடு. வாக்களிக்கும் வயது 18: குருக்ஷேத்திரத்தில் சண்டை நடந்த நாள். இவ்வூர்ச் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் பாரத ஓவியங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அமெரிக்க ஆட்சிமுறை இப்படி எளிதாக வசப்படுகிறது. பிரதிநிதிகள் சபையின் 435 பேருக்கு மட்டும் புராணத்தில் இடம் கிடைக்கவில்லை. மளிகைக் கடைப் பாக்கி 435 ரூபாய் என்று மனத்தில் பதித்துக்கொண்டார் ஒருவர். அதன்பின் அந்த எண் அவருக்கு மறக்கவே இல்லை.

மூன்றாவது, *தெய்வமுறை*. இவ்வூர்க் காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றுவது பெயர்பெற்ற வழிபாடு. இதில் தகவலாளிகள் வகுத்துள்ள அதிகாரப் பங்கீடு பாராட்டத்தக்கது: நேர்காணல் தேதி பைரவர் பொறுப்பு, விடை தம் பொறுப்பு.

இம்மூன்று முறையாலும் 128 கேள்விக்கும் விடை பாடமாகிவிடுகிறது. ஐந்தாவது வாரத்தில் டெக்சாஸ் பேரன் போனில், “ஆயா, நீ அப்பாவ விட நல்லா சொல்ற” என்று சான்றளிக்கிறான். அப்படியானால் குறை எங்கே?

6. மிகைவிடை: இலக்கணமும் வகையும்

குறை, விடை தெரியாமையில் இல்லை; விடைக்குப் பின் நிற்காமையில் இருக்கிறது. இதை மிகைவிடை என்க. அது மூவகைப்படும்.

*(அ) விருந்தோம்பல் மிகை.* பழைய பட்டியலில் இரு நீண்ட ஆறுகளில் ஒன்றைக் கேட்கும் கேள்வி உண்டு. ‘மிசிசிப்பி’ என்றால் முடிந்தது. ஒத்திகையில் கிடைத்த விடை: “மிசிசிப்பிங்க. இன்னொன்னு மிசௌரி. எங்கூருப் பக்கம் காவிரிங்க, ஒகேனக்கல்ல அருவியா உழுது. நீங்க ஒருக்கா வாங்க, பரிசல்ல போலாம், மீனு வறுத்துக் குடுப்பாங்க.” அதிகாரியாக நடித்த மருமகள் பேனாவை வைத்துவிட்டு, “அத்தை, ஒண்ணுதான் கேட்டேன்” என்றார். “ஒண்ணோட நிறுத்துனா மொகத்துல அடிச்ச மாதிரி இருக்குமேம்மா” என்பது மறுமொழி.

*(ஆ) உறவு மிகை.* விண்ணப்பத்திலுள்ள கேள்விகளும் நேர்காணலில் வரும். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா என்பது அவற்றில் ஒன்று. ‘இல்லை’ என்பதே தகவலாளியான ஓய்வுபெற்ற ஐயா ஒருவரைப் பொறுத்தவரை உண்மையான, முழுமையான விடை. அவரோ, “இல்லைங்க. ஆனா எங்க சித்தப்பா பென்னாகரத்துல செங்கொடி புடிச்சவரு. நல்ல மனுசன்” என்று தொடங்கி, சித்தப்பா ஜெயிலுக்குப் போனது வரை சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டார். கைதானதுண்டா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் சித்தப்பாவையே அழைத்தார்.

*(இ) ஐய மிகை.* “திருத்தங்கள் எத்தனை?” “இருபத்தேழுங்க.” சரியான விடை. அரை நொடி மௌனம். “ஏனுங்க, இருபத்தாறோ?” சரியாகச் சொன்னதைத் தானே சந்தேகித்துக் கெடுக்கும் இவ்வகையே மூன்றிலும் ஆபத்தானது. அதிகாரி தட்டச்சு செய்யும் நேரத்து மௌனம் மறுப்பாகப் பொருள் கொள்ளப்படுவதே இதற்குக் காரணம்.

7. காரணங்கள்

முதற்காரணம் பள்ளிக்கூடம். நெடுவினாவுக்கு எத்தனை அடிஷனல் ஷீட் வாங்கினான் என்பதை வைத்தே மாணவனின் மதிப்பு எடைபோடப்பட்டது. நூல் கட்டிய தாள்கட்டின் தடிமனைப் பார்த்து மார்க் விழும் என்பது மாணவர் உலகின் அசையாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் தேறியவர்கள் ஒரு சொல்லில் விடை சொல்லக் கூசுகிறார்கள்.

இரண்டாம் காரணம் ஊர் நாகரிகம். பஸ் நிறுத்தத்தில் பைரவர் கோயிலுக்கு வழி கேட்டால் வழி மட்டும் கிடைப்பதில்லை. எந்த ஊர், யார் வீடு, பூசணிக்காய் வாங்கியாயிற்றா, எந்தக் கடையில் வாங்கக் கூடாது என்ற அனைத்தும் கிடைக்கின்றன. கேட்டதை மட்டும் சொல்பவருக்கு இங்கே ‘அமுக்கி’ என்று பெயர்.

8. மரபுச் சான்று

எனினும் மிகைவிடை தொன்றுதொட்டு வந்த குணம் அன்று என்பதே இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

ஊருக்குப் பெயர் தந்தவனையே எடுத்துக்கொள்வோம். நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த அதியமான், அதை உண்டால் நெடுநாள் வாழலாம் என்பதைச் சொல்லவில்லை. பயனைத் தனக்குள் அடக்கிக்கொண்டு கொடுத்தான் என்கிறது புறநானூற்றின் 91-ஆம் பாட்டு. மலை ஏறியது, பறித்தது, பட்ட பாடு எதுவும் பேச்சில் வரவில்லை. இன்று அதே கனியை நம்மில் ஒருவர் கொடுத்தால் பறித்த கதை கேட்டு முடிப்பதற்குள் கனி வாடிவிடும்.

அடுத்து ஔவை. அதியமானின் தூதாகத் தொண்டைமான் அவைக்குப் போனார். அயல் நாடு, எதிரே அதிகாரம் படைத்தவர், பேச்சில் ஒரு சொல் கூடினாலும் போர். அதாவது நேர்காணலுக்குரிய எல்லா நிபந்தனைகளும் அமைந்த சூழல். தன் படைக்கலங்களைக் காட்டிப் பெருமைப்பட்ட தொண்டைமானிடம், இவை நெய் பூசிப் பத்திரமாக இருக்கின்றன, அதியமானுடையவை போரில் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்லி முடித்தார். 95-ஆம் பாட்டு முழுதும் ஒன்பதே அடி. அதியமானின் சித்தப்பா யார் என்ற தகவல் அதில் இல்லை.

ஆகவே சுருங்கச் சொல்லல் இம்மண்ணுக்கு அயலானதன்று. இடையில் எங்கோ தொலைந்த உள்ளூர்ச் சொத்து.

9. மறுப்பும் விடையும்

நேர்காணலில் ஆங்கிலம் பேசும் திறனையும் பார்க்கிறார்களே, நிறையப் பேசினால் நல்லதுதானே என்று ஒரு சாரார் வாதிடலாம். திறன் பார்க்கிறார்கள் என்பது உண்மை. புரிந்துகொண்டு பொருத்தமாக விடை சொல்வதே அத்திறன். மிசிசிப்பிக்குப் பின்வந்த வறுத்த மீனால் அது கூடுவதில்லை.

128-இல் இல்லாத, வீட்டில் எழும் கேள்விகளும் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஓ.சி.ஐ. என்னும் வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கினால் விசா இல்லாமல் வந்து போகலாம். விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாது. ஒரு தகவலாளி, காலண்டர் தாள்களை அடுக்கிக்கொண்டே போனில் மகனிடம் கேட்டார்: “ஏன் கண்ணு, அப்பறம் நம்மூர்ல எனக்கு ஓட்டு இருக்குமா?”

“இல்லம்மா.”

ஆய்வுக் காலம் முழுவதும் பதிவான விடைகளில் இதுவே மிகச் சுருக்கமானது. அதற்குப் பின் இருவரும் சற்று நேரம் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.

10. பரிந்துரைகள்

ஒன்று: படிப்புக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை நிறுத்தப் பழகுவதற்குச் செலவிடுக. விடை சொன்னதும் உதட்டை மூடி, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுக.

இரண்டு: ஒத்திகைக்கு உறவினரை அதிகாரியாக அமர்த்தாதீர். உறவினர் பதிலுக்குத் தாமும் ஒரு கதை சொல்வார்.

மூன்று: சித்தப்பாவை ஊரிலேயே விட்டுச் செல்க.

நான்கு: ஓட்டு, நிலம், பாஸ்போர்ட் பற்றிய கேள்விகளை விண்ணப்பம் போடுமுன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்கவும். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிப் பேசலாம்.

ஐந்து: 12 சரியானதும் அதிகாரி நிறுத்திக்கொள்வார். நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள்.