ட்ராப்புக்குக் காத்திருக்கும் பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. எல்ல ஊருப் பக்கம் வெள்ளைக்காரப் புள்ளைங்களோட ராத்திரிப் பார்ட்டிக்குப் போயிட்டு விடியத்தான் வந்தியாமே. கறுப்பு பனியன், கழுத்துல ஹெட்செட்டு, கண்ணு ரெண்டும் கோவைப்பழம். லட்சணமாத்தான் இருக்கே. "டெக்னோ எல்லாம் தாத்தாவுக்குப் புரியாது, அது ஜெர்மன்காரன் பாட்டு"ன்னு உங்க ஆத்தாகிட்டச் சொன்னியாம். நியாயந்தான். தோட்டத்துக் கிழவனுக்கு என்ன தெரியும்? ஆனா நீ குறட்டை விடுறப்ப உன் போனு சும்மாதானே கிடக்குது, டேட்டாவும் தாராளமாக் கிடக்குது. கிழவனுக்குத் தூக்கமும் வர்றதில்ல. அப்புறம் என்ன நடக்கும்னு நீயே யோசிச்சுக்க.

முதல்ல நீ கேக்குற அழகைச் சொல்லணும். ஆல்பம் தொடங்கும். டும் டும் டும் டும். பத்து செகண்டு ஆகல, பெருவிரல் அரிக்க ஆரம்பிச்சிடும். தள்ளு. அடுத்தது. அதையும் தள்ளு. எங்கேயோ 'ட்ராப்'னு ஒண்ணு விழுமாம், அந்த இடத்துல மட்டும் கோழி கொத்துற மாதிரி தலையை ஆட்டிட்டு அடுத்ததுக்கு ஓட்டம். ஒரு மணி நேர ஆல்பத்தை நாலு நிமிஷத்துல கேட்டு முடிச்ச கெட்டிக்காரன் ஊவா மாகாணத்துலயே நீ ஒருத்தன்தான். நல்லா இரு.

அடுத்தது அந்தப் போன் ஸ்பீக்கரு. சட்டைப் பையில போட்டு அலற விட்டுக்கிட்டு மலையில நடக்குறே பாரு, கொழுந்து எடுக்குற பொம்பளைங்க பாவம் பண்ணினவங்க. ஜப்பான்ல ரோலண்ட் கம்பெனி 1980ல 808னு ஒரு தாள மெஷின் விட்டான். அதோட அடி மேளம் 50 ஹெர்ட்ஸ் பக்கத்துல உறுமும். உன் போனு ஸ்பீக்கரு அந்தப் பள்ளத்துல இறங்கவே இறங்காது. ஆக, நீ ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கிறது டெக்னோ இல்லப்பா, அதோட பல்லு நறநறக்கிற சத்தம். கழுத்துல தொங்குற ஹெட்செட்டைக் காதுலயும் மாட்டலாம், யாரும் கேஸ் போட மாட்டாங்க. இல்லாட்டி கோயில் திருவிழாவுக்கு மைக் செட்டு கட்டுறவர்கிட்டப் பெரிய பெட்டி ஒண்ணை ஒரு ராத்திரிக்குக் கேளு. கீழ்ச்சத்தம் நெஞ்சாங்கூட்டைத் தட்டணும். தட்டலைன்னா பாதி ஆல்பம் உனக்கு வந்து சேரவே இல்ல.

ஜெர்மன்காரன் பாட்டுன்னியே, அதுல பாதிதான் மெய். டுசல்டோர்ஃப் ஊருல க்ராஃப்ட்வெர்க்னு ஒரு கூட்டம் 1974ல 'ஆட்டோபான்' போட்டுச்சு. அந்தப் பேருல இருக்கிற ஒத்தப் பாட்டே 22 நிமிஷத்துக்கு மேல, இசைத்தட்டோட ஒரு பக்கம் முழுக்க. உன் பெருவிரல் அந்தக் காலத்துல பிறந்திருந்தா பட்டினி கிடந்து செத்திருக்கும். ஆனா டெக்னோவைப் பெத்து வளர்த்தது அமெரிக்காவுல டெட்ராயிட். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன், மூணு கறுப்புப் பையனுங்க. பக்கத்துல பெல்வில்ல ஒண்ணாப் படிச்சவனுங்க. 1988ல லண்டன்ல இருந்து வந்த ஒரு தொகுப்புதான் இந்த 'டெக்னோ'ங்கிற பேரையே ஊரு உலகத்துக்குப் பரப்புச்சு.

டெட்ராயிட் கார் செய்யிற ஊரு. அங்க இருக்கிற கறுப்புச் சனத்துல முக்காவாசி, தெக்குப் பக்கம் பருத்திக்காட்டை விட்டுட்டு வேலை தேடி வந்த ஆளுங்களோட வம்சம். மன்னார்ல இறங்கி, காடு வெட்டி, மாத்தளை வழியா நடந்தே மலையேறுனவங்களோட வம்சத்துக்கு இதை வெளக்கிச் சொல்லணுமா என்ன? நீ ஏதோ பெர்லின் துரைமாரு பங்களாவுல பிறந்த இசைன்னு நினைச்சுத்தான் அந்தக் கறுப்பு பனியனை மாட்டினே. அது லயத்துப் புள்ளைங்க பாட்டுடா.

நம்ம தேயிலை ஸ்டோருக்குள்ள ராத்திரி ஷிப்ட்டுல ஒரு நாள் நின்னு பார்த்திருக்கியா? ஹாலி-எல பக்கம் நான் வேலை செஞ்ச ஸ்டோர்ல இலை கசக்குற ரோலரு வரிசையா நிக்கும். நிமிஷத்துக்கு 40, 45 சுத்து. மூணால பெருக்கிப் பாரு, உன் டெக்னோ ஓடுற வேகத்துக்குப் பக்கத்துல வந்து நிக்கும். இது தற்செயல்தான், உடனே போயி ஸ்டேட்டஸ் போட்டுடாத. நான் சொல்ல வந்தது வேற. வெளியில இருந்து வர்றவனுக்கு அது ஒரே சத்தம். உள்ள நிக்கிறவனுக்கு அப்படி இல்ல. மேல மூடியை இறக்கி அழுத்தம் குடுத்தா சத்தம் கனத்துப் போகும். ஏத்தினா லேசாயிரும். இலை கசங்கி சாறு விடத் தொடங்கினா ஒரு மாதிரி ஈரமா இழுக்கும். பெல்ட்டு தளர்ந்துச்சுன்னா டீமேக்கர் ஐயா மாடியில நின்னுக்கிட்டே கீழ ஆளு அனுப்புவாரு. திரும்பத் திரும்ப வர்ற சத்தத்துக்குள்ள எது மாறுதுன்னு கேக்குற காது அது.

டெக்னோவுக்கும் அந்தக் காதுதான் வேணும். சினிமாப் பாட்டு மாதிரி பல்லவி எப்ப வரும், எஸ்.பி.பி. எப்ப வாயைத் தொறப்பாருன்னு காத்துக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும். ராபர்ட் ஹூட்னு இன்னொரு டெட்ராயிட் ஆளு, 1994ல 'மினிமல் நேஷன்' போட்டாரு. எண்ணி நாலஞ்சு சத்தம்தான் இருக்கும். அதைப் போட்டு, அடி மேளத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை கேளு. அடுத்த தடவை மேல 'ச்சிக் ச்சிக்'னு வர்ற தகட்டை மட்டும். எட்டு சுத்து, பதினாறு சுத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒண்ணு உள்ள வரும், இல்ல நைஸா நழுவிப் போகும். அது போன இடத்தை நீ கண்டுபிடிச்சிட்டா, கறுப்பு பனியனைத் தொவைக்காமலே போட்டுக்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

வீட்டுல பொறுமை இல்லைன்னா ரயில் ஓடுற நாளாப் பார்த்து பதுளையில ஏறு. 1977ல க்ராஃப்ட்வெர்க் போட்ட 'ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்'ஸைக் காதுல மாட்டிக்க. ரயில் சக்கரத்தைத்தான் தாளமாப் பண்ணி வச்சிருக்கானுங்க. தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியில குகைக்குள்ள புகுந்து, மலையைச் சுத்தி, அதே ஸ்டேஷனுக்கு மேல வந்து நிக்கும்ல நம்ம ரயிலு? அதுவரைக்கும் போனைத் தொடக் கூடாது. பக்கத்துல வடை விக்கிறவரு வந்தா வாங்கித் தின்னு. அதுக்குத் தடையில்ல.

இன்னொரு சங்கதி. பம்பாயில சரண்ஜித் சிங்னு ஒருத்தரு, இந்தி சினிமாவுக்கு கித்தாரு வாசிச்சவரு. 1982ல ரோலண்டோட 808, 303, ஜுப்பிட்டர் 8 மூணு மெஷினையும் மேசையில வச்சுக்கிட்டு, பைரவி, யமன், மால்கௌன்ஸ்னு பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்துல ஏத்திட்டாரு. அந்த 303 இருக்கே, கித்தார்காரனுக்குத் துணையா பேஸ் வாசிக்கன்னு செஞ்ச பெட்டி, விலை போகாம 1984லயே நிறுத்திட்டாங்க. சிக்காகோ பையனுங்க அதை செகண்ட் ஹேண்டா வாங்கித் திருகித் திருகி 'ஆசிட்'னு ஒரு வகையையே உண்டாக்கி 1987ல வெளியிட்டானுங்க. சிங் அதுக்கு அஞ்சு வருஷம் முந்தியே அதே நெளிவை ராகத்துக்குள்ள விட்டிருந்தாரு. ஒரு ஈ காக்கா திரும்பிப் பார்க்கல. 2010ல வெளிநாட்டுக்காரன் மறுபடி பதிப்பிச்ச பிறகுதான் நம்மாளுங்களுக்குக் காது தொறந்துச்சு. 2015ல ஆளு போயிட்டாரு. எதையும் வெள்ளைக்காரன் தட்டிக் குடுத்தாத்தான் நாம கை தட்டுவோம். உனக்கு அது பரம்பரைச் சொத்து, குறை சொல்லல.

வடக்குப் புள்ளை மாயா, எம்.ஐ.ஏ.ன்னு சொல்லுவீங்களே, அவ 2007ல வந்த 'கலா' ஆல்பத்துக்கு சென்னைக்குப் போயி உறுமி மேளக்காரங்களை வச்சே பதிவு பண்ணினா. டிக்கெட்டு போட்டுப் போயி உறுமி தேடினவ அவ. நீ?

உனக்கு நம்ம தப்பு மேளத்தைத் தொடவே கூச்சம். சாவு மேளம், கூலி மேளம்னு மூஞ்சியைத் திருப்பிக்குவே. விடிகாலையில பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் அதுதான், மாசி மாசம் காமன் கூத்தை ராத்திரி ராத்திரியா ஆட வச்சதும் அதுதான். ரோலண்ட் தன்னோட இன்னொரு தாள மெஷின் 909ல அடி மேளத்துக்கு நாலு திருகு வச்சிருக்கான், அதுல ஒண்ணு சுருதியை ஏத்தி இறக்க. நம்ம தப்புக்காரரு வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி அதே வேலையைத்தான் பண்றாரு, கரண்டு பில்லு இல்லாம.

வர்ற மாசிக்கு லீவு போட்டுட்டு வா. காமன் பொட்டல்ல, தப்புக்காரருக்குப் பக்கத்துலயே நில்லு, பெட்டி கிட்டி எதுவும் வேணாம், நெஞ்சுல நேராவே விழும். ஒண்ணே ஒண்ணு. அவருகிட்டப் போயி "ட்ராப் எப்ப வரும் அண்ணே"ன்னு மட்டும் கேட்டு வச்சிராத. அவரு கையில குச்சி ரெண்டு இருக்கும். ஒண்ணு நல்ல நீளம்.