முகம் இல்லாத தூதர்

அந்த முகம் என் கையிலிருந்த ஈரத்துணியோடு வந்துவிட்டது.

1979 மே மாதம். எனக்கு வயது 16. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கட்டிய ஒரு சின்னக் கோயில். தெற்குச் சுவரின் வண்ணக் கண்ணாடிச் சன்னலை இறக்கி, பாடகர் அறை மேசையில் படுக்க வைத்திருந்தோம். அப்பா வெளியே ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். "தூசியை ஒத்தி எடுடா, தேய்க்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் தேய்த்தேன். துணியில் கறுப்பு ஏற ஏற, நூறு வருடத்துப் புகை போகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். போனது புகை மட்டுமல்ல. சன்னலில் இருந்த சம்மனசின், அதாவது வானதூதரின், இமை, மூக்கு, உதடு எல்லாம் போயிருந்தன. உள்ளங்கை அளவு கண்ணாடித் துண்டு வெறும் வெளுப்பாக என்னைப் பார்த்தது.

துணியை அப்படியே அப்பாவிடம் நீட்டினேன். அவர் அடிக்கவில்லை. துண்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எழுதினவன் கை போச்சேடா" என்றார். அன்று ராத்திரி இருவருமே சாப்பிடவில்லை.

இந்தச் சன்னல்களைச் சாயம் பூசிய படம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அவற்றில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. உலையில் உருகும்போதே கோபால்ட் சேர்த்தால் நீலம், செம்பு சேர்த்தால் சிவப்பு, மாங்கனீசு சேர்த்தால் ஊதா. ஆயிரம் வருடம் வெயில் அடித்தாலும் அது வெளிறாது. தூரிகைக்கு உள்ள வேலை கோடு எழுதுவதும் நிழல் கொடுப்பதும்தான். இரும்பு ஆக்சைடையும் கண்ணாடித் தூளையும் பிசினில் குழைத்த மையால் எழுதி, சுமார் 650 டிகிரியில் சுட வேண்டும். அப்போதுதான் அந்தக் கறுப்பு உருகிக் கண்ணாடியோடு ஒன்றாகும். ஒழுங்காகச் சுட்ட கோட்டை ஈரத்துணியால் அழிக்கவே முடியாது. அது எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் எத்தனையோ ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அதற்கு முந்தின வருடம்தான் அப்பா என்னைப் புதுச்சேரி திரு இருதய ஆண்டவர் கோயிலுக்குக் கூட்டிப்போய் நடுவில் நிறுத்தி, "எத்தனை புனிதர், எண்ணிச் சொல்லு" என்றார். 28 என்று சரியாகச் சொன்னேன். "ஈயக் கோடு எங்கெங்க ஓடுதுன்னு பாத்தியா?" என்று அடுத்த கேள்வி. பார்க்கவில்லை. மறுபடி பார்க்கச் சொன்னார். அங்கிருந்துதான் எனக்குக் கண் திறந்தது. கழுத்தைச் சுற்றியும் முந்தானை மடிப்பின் ஓரமாகவும் படத்துக்குள்ளேயே ஒளிந்து ஓடும் அந்தக் கறுப்புக் கோடுதான் சன்னலைத் தாங்கும் எலும்பு.

அப்பாவின் பட்டறை திருச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணைதான். உடைந்த சன்னல்களின் சில்லுகளை நிறம் பிரித்து ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு வைத்திருப்பார். ஏதாவது ஒரு கோயிலில் ஒரு துண்டு சிவப்பு உடைந்தால், அதற்குச் சரியான சிவப்பு அந்தப் பாட்டில்களில் கிடைத்தால்தான் உண்டு. பழைய ஈயத்தை உருக்கி இரும்பு அச்சில் வார்த்து, இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள பட்டையாக இழுப்பார். அந்தப் பள்ளங்களில்தான் கண்ணாடித் துண்டுகள் உட்காரும். ஒவ்வொரு துண்டும் நழுவாமல் இருக்க ஓரத்தில் லாட ஆணி அடித்துக்கொண்டே போவார். சேருகிற இடமெல்லாம் பற்றவைப்பார். பிறகு என் வேலை: சீமைச் சுண்ணாம்புப் பொடி, ஆளிவிதை எண்ணெய், விளக்குக் கரி மூன்றையும் கூழாகக் கரைத்து, ஈயத்துக்கு அடியில் பிரஷால் ஏற்ற வேண்டும். அந்த மக்கு இறுகினால்தான் சன்னல் ஆடாது, மழைத்தண்ணீர் இறங்காது. கடைசியில் செம்புக் கம்பியால் குறுக்கு இரும்புக் கம்பிகளோடு கட்ட வேண்டும்.

அந்த ஈயக் கையோடேதான் அப்பா டீ குடித்தார், பீடி பிடித்தார். இன்று என் பட்டறையில் கையுறை இல்லாமல் யாரும் ஈயத்தைத் தொடக்கூடாது. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று குறித்த காலத்தில் பரிசோதிக்கிறோம். கண்ணாடிக்கும் தட்டுப்பாடு இல்லை. ஜெர்மனியில் வால்ட்சாசன் என்ற ஊரில் இன்றும் வாயால் ஊதி, உருளையாக்கி, பிளந்து, விரித்துத் தகடாக்குகிறார்கள். மரப்பெட்டியில் வந்து இறங்குகிறது. கையால் கண்ணாடி செய்யும் அறிவை 2023இல் யுனெஸ்கோ மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அப்பாவின் பாட்டில்களைத் துடைத்து வைத்தேன்.

1990களில் சன்னல் பராமரிப்பு பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. அதில் ஒரு பக்கம் என்னை உட்கார வைத்துவிட்டது. 1860 முதல் 1880 வரையிலான காலத்தில் இங்கிலாந்தில் பல பட்டறைகளில், குறைந்த சூட்டிலேயே மை உருகட்டும் என்று அதில் வெண்காரம் சேர்த்திருக்கிறார்கள். வெண்காரம் கலந்த மை ஈரத்தில் மெல்லக் கரைந்து உதிரும். முதலில் போவது மெல்லிய கோடுகள், அதாவது முகமும் விரலும். எங்கள் சன்னலின் அடியில் 1874 என்று எழுதியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீலகிரிப் பனிமூட்டத்தில் நூறு வருடம் ஊறிய மை அது. நான் தொடுவதற்கு முன்பே பிடிப்பை விட்டிருந்தது. இதை உடனே அப்பாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அவர் சொன்னபடி ஒத்தி எடுத்திருந்தால், அந்தக் கோடுகளில் பாதியாவது நின்றிருக்கும். என் தப்பை வெண்காரத்தின் தலையில் நான் கட்ட மாட்டேன்.

2024இல் அதே கோயிலிலிருந்து கூப்பிட்டார்கள். சன்னல் வயிறு தள்ளியிருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே வந்தது. யாரோ சிலிக்கானை அப்பிவிட்டுப் போயிருந்தார்கள். கமிட்டியில் ஒருவர் டிஜிட்டல் பிரிண்ட் மாதிரி ஒன்றைக் காட்டினார். டஃபன்ட் கிளாசில் படம் ஒட்டி ஒரே வாரத்தில் மாட்டித் தருவார்களாம், செலவும் கால்வாசிதானாம். அப்படி மாட்டிய கோயில்களை நான் பார்த்திருக்கிறேன். நாலைந்து வருட வெயிலில் சிவப்பு வெளிறி, ஓரம் உரிந்து நிற்கும். அதற்கு ரிப்பேர் கிடையாது. கழற்றி எறியத்தான் வேண்டும். ஈயச் சன்னல் அப்படியல்ல. நூறு வருடத்துக்கு ஒருமுறை ஈயம் தளரும். பிரித்து, துடைத்து, புது ஈயம் கட்டி மாட்டலாம். இங்கிலாந்தில் யார்க் பேராலயம் 1984இல் தீப்பிடித்தபோது, வட்டச் சன்னலின் கண்ணாடி சுமார் 40,000 இடங்களில் விரிசல் விட்டது. ஆனால் அதற்கு முன்பே புது ஈயம் கட்டியிருந்ததால் சன்னல் கொட்டிப்போகாமல் அப்படியே நின்றது. இதையெல்லாம் கமிட்டியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், ஆனால் மனசு இறங்கவில்லை.

இறங்க வைத்தவர் ஒரு பாட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சன்னலுக்குக் கீழேதான் உட்காருகிறாராம். "அவருக்கு முகம் இல்லாட்டிப் போகுதுய்யா. ஆளையே எடுத்துடாதீங்க" என்றார். ஊர்ப் பிள்ளைகள் 'மூஞ்சியில்லாத தூதர்' என்று பேர் வைத்திருப்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் யார் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். ஆயர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

சன்னலைப் பட்டறைக்குக் கொண்டுவந்த இரவு, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு முகத் துண்டின் மேல் டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து அடித்தேன். மை இருந்த இடத்தில் கண்ணாடியின் தோல் காற்றும் ஈரமும் படாமல் தப்பியிருக்கும். மற்ற இடம் லேசாக அரித்திருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் மயிரிழையாகத் தெரிந்தது. இடது இமை. மூக்கின் ஓரம். பிறகு உதடு. 45 வருடமாக அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றே நான் நினைத்திருந்தேன். கண் தாழ்ந்திருந்தது. கீழே, பெஞ்சில் உட்காருபவரைப் பார்க்கிறார்.

பழைய துண்டின் மேல் மை தொடக்கூடாது. அதனால் அதே அளவில் மெல்லிய வெள்ளைக் கண்ணாடி ஒன்று வெட்டி, தெரிந்த கோட்டை மட்டும் அதில் எழுதினேன், தெரியாததை எழுதவில்லை. வலது புருவம் பாதியில் நிற்கிறது. சுட்டு ஆறியதும் பழைய துண்டுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டும் சேர்ந்து உட்காருகிற அகலப் பள்ள ஈயம் போட்டேன். மூடுவதற்கு முன், ஈயத்துக்குள் மறைகிற மூலையில் வைர முனையால் கீறினேன்: 'கோடு 2024. முன்னால் இருப்பதே 1874 துண்டு. தேய்க்க வேண்டாம்.'