சல்லிக் கரையிலிருந்து மகன்களைப் பற்றி

திருகோணமலைச் சல்லியிலிருந்தும் அயலில் சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கமிருந்தும் வந்த கேள்விகள். இந்தமுறை எல்லாமே ஆம்பிளைப் பிள்ளைகளைப் பற்றியவை. கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: மகனுக்கு 14 வயது. தகப்பன் இல்லை. "நான்தானே இனி வீட்டுக்கு ஆம்பிளை" என்று சொல்லி, பள்ளிக்கூடத்தை விட்டுக் கரைவலைக்குப் போக நிற்கிறான். மறிக்கவா, விடவா?

பதில்: மறியுங்கள் அம்மா. 16 வயது வரை படிப்பு கட்டாயம் என்பது இந்த நாட்டுச் சட்டம். ஆனால் அவனுக்குள் எழுந்த பொறுப்பை மறிக்காதீர்கள், அதைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். சனிக்கிழமைகளில் அவனுடைய அம்மான் கரைக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். காசுக்கு வேண்டாம், பார்க்கவும் பழகவும் போகட்டும்.

கரைவலையில் இரண்டு கயிறு. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்து இழுத்து மெல்ல ஒன்றுசேர்வார்கள். ஒரு பக்கம் முந்தினால் மடி கோணும், மீன் போய்விடும். எவ்வளவு பலசாலியானாலும் தன் வேகத்துக்கு இழுக்க முடியாது, எதிர்ப்பக்கத்தைப் பார்த்துத்தான் இழுக்க வேண்டும். ஒரு பையன் இதைக் கண்ணால் கண்டு பழகுவது பெரிய படிப்பு. வலை ஏறிய பிறகு யார் மீனோடு நேரே வீட்டுக்குப் போகிறார், யார் கசிப்புத் தேடிப் போகிறார் என்பதையும் அவன் பார்ப்பான். அதனால்தான் அம்மானோடு போய் அம்மானோடேயே திரும்ப வேண்டும் என்கிறேன்.

வீட்டிலும் ஒரு பொறுப்புக் கொடுங்கள். மாதாமாதம் கரண்ட் பில்லையும் காசையும் அவன் கையில் கொடுங்கள். கட்டிவிட்டு, மிச்சக் காசோடு கணக்கும் சொல்லட்டும்.

கேள்வி: "அடியாத மாடு படியாது" என்கிறார் என் மாமனார். சரிதானே?

பதில்: மாடு படிந்தால் போதும். மகன் யோசிக்கவும் வேண்டும். அடிக்குப் படிந்தவன் அடிக்கிறவர் இல்லாத இடத்தில் என்ன செய்வான் என்று மாமனாரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது. ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது பிள்ளையின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் எஸ்.துரைராஜா. பாடசாலையில் பிழையானது வீட்டுக்குள் வந்தால் சரியாகிவிடாது.

அடி வேண்டாம் என்றால் கண்டிப்பே வேண்டாம் என்று எடுக்காதீர்கள். பந்து அடித்து அயல்வீட்டு ஓட்டை உடைத்தானா? அவனே போய்ச் சொல்லட்டும். புது ஓடு போடும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அடி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஏணிக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போகும்.

கேள்வி: மகன் சாப்பிட்ட கோப்பையைக் கழுவினால் அம்மம்மா பறித்து வைக்கிறார். "சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை" என்கிறார்.

பதில்: நம்முடைய கிழக்கில் வீடு மகளுக்குப் போகிறது. மகன் கலியாணம் கட்டி இன்னொரு தாயின் வீட்டுக்குள் போய் இருக்கிறான். அங்கே காலாட்டிக்கொண்டு இருக்கும் மருமகன் எப்படிப்பட்டவன் என்று அம்மம்மாவுக்குத் தெரியாததா? தன் மகளுக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளையைத் தேடினார் என்று அவரையே கேளுங்கள். பேரனையும் அப்படி வளர்க்கச் சொல்லுங்கள். கோப்பை மட்டும் போதாது, சோறு வடிக்கவும் மீன் வெட்டவும் பழகட்டும்.

கேள்வி: ஆம்பிளை அழலாமா?

பதில்: 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஆம்பிளைகள் அழுததை ஊரே பார்த்தது. அழுதவர்கள்தான் திரும்பவும் வள்ளம் இறக்கினார்கள்.

கேள்வி: கணவர் கட்டாரில். மகன் சொல்வழி கேட்காவிட்டால், "அப்பா வரட்டும், சொல்லித் தாறன்" என்பேன். இப்போது அப்பாவின் கோல் வந்தாலே ஓடி ஒளிக்கிறான்.

பதில்: தூரத்தில் கிடந்து உழைக்கிற மனிதனை வீட்டுக்குப் பூச்சாண்டி ஆக்கிவிட்டீர்கள், தங்கச்சி. இன்றைக்கே நிறுத்துங்கள். உங்கள் வீட்டில் உங்கள் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்கட்டும். தம்பி, உங்களுக்கும் ஒன்று: போனில் முதல் கேள்வியாக மார்க்ஸ் கேட்காதீர்கள். இன்றைக்கு யாரோடு விளையாடினாய், என்ன கறி என்று கேளுங்கள். அங்கே வெயிலில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தகப்பனின் களைப்பைத் தெரிந்து வளர்கிற பிள்ளைக்குக் காசின் பெறுமதி தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்து விசிலடிக்கிற கூட்டத்தில் என் மகனும் நிற்கிறானாம். வயசுக் கோளாறுதானே?

பதில்: வயது கோளாறு செய்யாது. "வயசுக் கோளாறு" என்று நீங்கள் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தால், அதை அனுமதி என்றே எடுத்திருப்பான். இன்று இரவே தகப்பன் அவனோடு தனியாக இருந்து பேசட்டும். அந்தப் பாதையால் போகப் பயந்து ஒரு பிள்ளை ரியூசனை விட்டால் அவளுடைய சாதாரண தரப் பரீட்சை என்னாகும் என்று கேட்கட்டும். உப்புவெளிக் கடற்கரையில் வெளிநாட்டுப் பெண்களுக்குப் பின்னால் திரிவதற்கும் இதே பேச்சுத்தான். இன்னொன்று: தகப்பன் வீட்டில் தாயை "எடியே" என்று கத்துகிறவராக இருந்தால், முதலில் அதை நிறுத்திவிட்டுப் பேச வரட்டும்.

கேள்வி: மகன் ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிறானோ என்று சந்தேகம். வெளியே தெரிந்தால் மானம் போகும்.

பதில்: மானத்தைப் பிறகு பார்ப்போம், பிள்ளையை இப்போது பாருங்கள். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. சிறுவர்களுக்கான உதவிக்கு 1929. இரவில் நித்திரை இல்லை, சாப்பாடு குறைகிறது, வீட்டில் காசும் பொருளும் காணாமல் போகின்றன என்றால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வீட்டை விட்டுத் துரத்தவும் வேண்டாம். விற்கிறவன் அவனை வாசலிலேயே ஏற்றுக்கொள்வான்.

கேள்வி: பிள்ளை வளர்ப்புக்கு நம் பக்கத்தில் முன்மாதிரி யார்?

பதில்: சுவாமி விபுலானந்தர். காரைதீவில் பிறந்தவர். திருகோணமலை இந்துக் கல்லூரியை 1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றபோது அதை நடத்தியவர். பிறகு 1929இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க மாணவர் இல்லமும் அவருடைய பணியில் இருந்தது. பெற்ற பிள்ளை ஒன்றும் இல்லாதவர் எத்தனை பிள்ளைகளுக்குத் தகப்பனானார்! உங்கள் தெருவிலும் தகப்பன் இல்லாத ஒரு பையன் இருப்பான். உங்கள் மகனைக் கோயில் பொங்கலுக்குக் கூட்டிப்போகும்போது அவனையும் கூப்பிடுங்கள்.

கேள்வி: தம்பி இரவு பத்து மணிக்கு வந்தாலும் கேள்வி இல்லை. நான் ஆறரைக்கு வந்தால் வீடு இரண்டாகிறது. (ஓர் அக்கா, சல்லி)

பதில்: இருவருக்கும் ஒரே நேரம்தான் மகள். ஏழு என்றால் தம்பிக்கும் ஏழு. பிந்தினால் எங்கே, யாரோடு என்று அவனும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தை மடிக்காமல் அப்பாவின் கதிரையில் விரித்து வையுங்கள்.