உதவி கேட்கும் ஒழுங்கு

எம்ஆர்ஐ படங்களிலிருந்து மூளையின் மேலடுக்காகிய புறணியின் தடிப்பைக் கணக்கிடும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருள், ஒரே கட்டளையை ஏற்றுப் பல மணி நேரம் உழைத்தபின், பிழையுடன் முடிந்ததாகப் பணிவோடு அறிவிக்கும் பண்பும் உடையது. உதவி கேட்டு வரும் ஆய்வாளரிடம், சாதகம் பார்க்குமுன் நட்சத்திரமும் லக்னமும் கேட்பதைப் போல, பதிப்பு எண்ணும் கணினியின் இயங்குதளமும் முதலில் வினவப்படுவது முற்றிலும் முறையே. அவ்விரண்டும் மாறினால் அதே மூளையின் அளவுகளும் மாறுவதை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே புறணி மெலிந்த நோயாளிக்கு, மருந்துக்கு முன் இயங்குதளத்தைப் புதுப்பித்துப் பார்ப்பதே சிக்கனமான சிகிச்சை. 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரே மூளைத்தரவைப் பெற்ற 70 குழுக்களில் எந்த இரண்டும் ஒரே வழியைப் பின்பற்றவில்லை என்பதால், உதவி நாடுவோருக்குத் தேர்ந்துகொள்ளும் வசதிக்கும் குறைவில்லை.

எனினும் எவரிடமும் உதவி கேளாது முடிவு தந்த பெருமை ஒரு சால்மன் மீனுக்கே உரியது. மனிதர்களின் உணர்ச்சியை ஊகிக்குமாறு படங்கள் காட்டப்பட்ட அதன் மூளையில், ஆயிரக்கணக்கான புள்ளிகளுள் தற்செயலாக ஒளிர்வனவற்றைக் களையும் புள்ளியியல் திருத்தத்தைச் செய்யாதபோது, செயல்பாடு தென்பட்டதாக 2009-இல் அறிவிக்கப்பட்டது. அம்மீன் முன்பே இறந்திருந்தமை, ஆய்வாளர்கள் 2012-இல் இக்நோபல் பரிசு பெறுவதற்குத் தடையாக இருக்கவில்லை.