மில்லர்புரத்து ஒட்டுப்படங்களில் தாய்மாமனின் இடம்: ஒரு பாணியியல் ஆய்வு

தமிழகத்தில் கல்வெட்டுக்கு ஆய்வுண்டு, நடுகல்லுக்கு ஆய்வுண்டு, வாசலில் போடும் கோலத்துக்கும் ஆய்வுண்டு. ஆனால் பிறந்தநாள், மணநாள், சடங்கு, காதுகுத்து, புது பைக் முதலிய மங்கல நிகழ்வுகளை முன்னிட்டு நம் வீட்டுப் பெண்கள் கைப்பேசியில் விரலால் வெட்டி, விரலால் ஒட்டி, ரோஜாவும் மினுக்கும் தூவி ஸ்டேட்டஸில் ஏற்றும் ஒட்டுப்படங்களைப் புலமை உலகம் 'ஃபார்வர்ட்' என்று சொல்லித் தள்ளிவிட்டது. இது நியாயமில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம் தூத்துக்குடி மில்லர்புரம். பாளையங்கோட்டை சாலையை ஒட்டிய சில தெருக்கள். முதன்மைத் தரவு, எங்கள் குடும்ப வாட்ஸப் குழுக்களில் வந்து விழுந்த படங்கள். கைப்பேசி 'இடம் போதவில்லை' என்று கைவிரித்த அன்று தரவுத் திரட்டு முறைப்படி நிறைவுற்றது. முதன்மைத் தகவலாளி என் சித்தி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போட்டோவைப் போடலாம் என்றார்.

முதலில் முன்னோர் கொள்கை. டிக்கெட், பூவிதழ், செய்தித் துணுக்கு, புகைப்படம் எல்லாவற்றையும் நோட்டில் ஒட்டிவைக்கும் இக்கலைக்கு மேலைநாட்டில் ஸ்கிராப்புக் என்று பெயர். நாவலாசிரியர் மார்க் ட்வைனுக்கு இதில் பைத்தியம். பசை தடவிக் கை நொந்ததோ என்னவோ, தாளிலேயே பசை பூசிய நோட்டு ஒன்றைக் கண்டுபிடித்து 1873இல் காப்புரிமையும் வாங்கினார். தண்ணீர் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். நூறாண்டு கழித்து, உட்டா மாநிலத்து மரியலன் கிறிஸ்டென்சன் தம் குடும்ப ஆல்பங்களை 1980இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் காட்சிக்கு வைத்தார். அது வம்சாவளி ஆராய்வோர் கூடிய மாநாடு என்பதை வாசகர் மனத்தில் இருத்துக, பின்னால் வேண்டியிருக்கும். அப்புறம் கணினி வந்தது. கத்தரியும் பசையும் மௌஸுக்குள் போயின. ஒன்றின்மேல் ஒன்றாகப் படங்களை அடுக்கும் வசதி 1994இல் ஃபோட்டோஷாப்பின் மூன்றாம் பதிப்பில் வந்தது. யார் முன்னால், யார் பின்னால் என்ற கேள்வி கணினிக்கு அன்றுதான் எழுந்தது. நம் கல்யாண மண்டபங்களில் அது ஆதியிலிருந்தே உண்டு.

தனிப்பாணி அமைய இம்மரபின் ஆசிரியர்கள் சொல்லும் வழி ஏறக்குறைய ஒன்றே. பிடித்த நிறங்களைத் தேர்ந்துகொள். பிடித்தவர்களின் பக்கங்களைப் பார்த்துப் பழகு. பக்கத்தில் வெற்றிடம் விடு, கண் இளைப்பாறும். நாளடைவில் உன் பாணி உன்னைத் தேடி வரும். இக்கொள்கையைச் சித்தியிடம் எடுத்துரைத்தேன். மூன்றாவது சொல்லிலேயே மறுப்பு வந்தது.

"வெத்திடமா? அது வெத்திடம் இல்லல, மாமா போட்டோ இன்னும் வரல."

இக்கட்டுரையின் கருதுகோளும் இதுவே. தனிப்பாணி நிறத்தால் அமைவதன்று, எழுத்துருவால் அமைவதன்று. படத்தில் யாரை விட முடியாது என்பதால் அமைவது.

சான்று காட்டுவோம். சித்தியின் படங்களில் நடுநாயகமாகப் பிறந்தநாள் பிள்ளை. இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் தாய்மாமன். இருவர் தலையும் ஒரே மட்டம். மாமா ஒரு நூல் சிறுத்தால் சித்தியின் பிறந்தவீட்டில் பேச்சு வரும். ஒரு நூல் பெருத்தால் நாத்தனார் போன் போடுவாள். ஆகவே இரு பக்கமும் எடை ஒத்த, கோயில் கோபுரத்துத் துவாரபாலகர் போன்ற கட்டமைப்பு அவர் படங்களுக்கு வாய்த்துவிட்டது. இதை ஓர் ஓவிய விமரிசகரிடம் காட்டினால் 'சமச்சீர் அழகியல்' என்பார். சித்தியைக் கேட்டால் "வம்பு வேண்டாம்னுதான்" என்பார்.

எதிர்ச்சான்றும் உண்டு. எதிர்வீட்டு அக்காவின் படங்கள் காற்றோட்டமானவை. ஒரே ஒரு பெரிய படம், ஓரத்தில் ஒரு மலர், மீதியெல்லாம் வெளிர்நீலம். இதை எளிமைவாதம் என்று முதலில் குறித்துக்கொண்டேன். "அவிய வீட்ல ஆளு கொஞ்சம், எடம் கெடக்கு. எனக்கு அப்படியா?" என்று தகவலாளி விளக்கிய பிறகு அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன். வம்சாவளிக்காரர்கள் மாநாட்டில் அரங்கேறிய கலை உறவுமுறைக் கலைதான் என்பதை உட்டாவிலேயே மறந்துவிட்டார்கள், மில்லர்புரம் மறக்கவில்லை.

உறவுமுறை வகுக்கும் வார்ப்பு ஒன்றே என்றால் தனிப்பாணிக்கு இடமேது என்று கேட்பாருக்கு விடை நம் மாவட்டத்திலேயே, கோவில்பட்டியில் இருக்கிறது. நாடகக் கம்பெனியோடு திரைச்சீலை வரைய வந்து, கம்பெனி கலைந்ததும் 1940களில் அவ்வூரிலேயே தங்கிவிட்டவர் சி. கொண்டையராஜு (1898–1976). அவரும் அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான சாமி காலண்டர்கள் இல்லாத வீடு தமிழகத்தில் இல்லை என்னும்படி பரவின. முருகனுக்கு வேலும் மயிலும் மாற்ற முடியாது. லட்சுமிக்குத் தாமரை மாற்ற முடியாது. கடைக்காரர் பெயர் போட இடமும் விட வேண்டும். இத்தனை கட்டுக்குள்ளும் ஆளுக்கொரு கைவாகு இருந்தது. ஒட்டுப்படத்திலோ சாமி இருந்த இடத்தில் சம்பந்தி. கடைக்காரர் பெயர் இருந்த இடத்தில் 'இப்படிக்கு சித்தி, சித்தப்பா'. வேறுபாடு அவ்வளவே.

இனிக் கைவாகைக் கண்டறியும் முறை. ஜியோவன்னி மொரெல்லி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் இத்தாலியர், மருத்துவம் படித்தவர். ஓவியத்தில் கையெழுத்து இல்லாவிட்டாலும் காதுமடலும் நகமும் வரைந்திருக்கும் விதத்தை வைத்தே வரைந்தவர் யாரென்று சொல்லலாம் என்றார். முகத்தில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள், காதில் அசந்துவிடுவார்கள் என்பது அவர் நுட்பம். இம்முறையை மில்லர்புரத்தில் பயன்படுத்துவதில் ஓர் இடர் இருக்கிறது. இங்கே காதே கிடையாது.

காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. தலையைச் சுற்றி ஆள்காட்டி விரலால் வரைந்து வெட்டும்போது விரல்தான் தலையைவிடப் பெரிது. காது போய்விடும், அல்லது காதோடு பின்சுவரின் மஞ்சள் பெயிண்டும் ஒரு கீற்று ஒட்டிக்கொண்டு வரும். அந்த இடத்தில் சித்தி ஒரு வண்ணத்துப்பூச்சியை உட்காரவைக்கிறார். எங்கள் குடும்பப் படங்களில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த இடமெல்லாம் ஒரு காது போன இடம் என்று அறிக. ஒரு மணநாள் படத்தில் அத்தானுக்கு இரு பக்கமும் பூச்சி. பார்த்தவர்கள் 'காதல் ததும்புகிறது' என்று பாராட்டினார்கள்.

இப்போது செயலியே ஆளை வெட்டித் தந்துவிடுகிறது, காது பிழைத்தது. ஆனால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்ற பெண்ணின் தலைப்பூவைச் சுவர் என்றே எண்ணி அது எடுத்துவிடுகிறது. மங்கல நாளில் பூவில்லாத தலையா? செயலி தரும் பூக்களில் ரோஜா உண்டு, டியூலிப் உண்டு. சரமாகத் தொடுத்த பிச்சிப்பூ இல்லை. சித்தி ஒருநாள் நிஜச் சரம் ஒன்றைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் படம் எடுத்து, வெட்டி, தனக்கென்று வைத்துக்கொண்டார். அன்றுமுதல் எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லார் தலையிலும் அதே ஒரு சரம்தான். இடமிருந்து நாலாவது மொட்டு உதிர்ந்திருக்கும். எல்லார் தலையிலும் அதே இடத்தில் உதிர்ந்திருக்கும். வேறு யாராவது 'நான்தான் செய்தேன்' என்று இப்படத்துக்கு உரிமை கொண்டாட வந்தால் அந்த மொட்டே போதும். மொரெல்லி இருந்திருந்தால் காதை விட்டுவிட்டுப் பூவுக்கு வந்திருப்பார்.

சித்தி பயன்படுத்தும் பிக்ஸ்ஆர்ட் செயலி 2011இல் ஆர்மீனியர்கள் உருவாக்கியது. உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794இல் அச்சானது நம் சென்னையில். பழைய கணக்கு தீர்ந்தது என்பது என் கருத்து. இது ஆய்வுக்குத் தேவையில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நிழல் பற்றிச் சிறிது. ஒட்டிய பொருள் தாளிலிருந்து சற்று எழும்பித் தெரிய நிழல் கொடுப்பது இக்கலையின் அடிப்படைப் பாடம். ஒளி ஒரே திசையிலிருந்து வர வேண்டும் என்பது விதி. சித்தியின் படங்களில் தம்பி நிழல் இடப்பக்கம் விழும், கேக்கின் நிழல் வலப்பக்கம் விழும். "என்ன சித்தி, ரெண்டு பக்கமும் நெழலு விழுது?" என்றேன். "ஜன்னல் அங்கன இருக்கு, டியூப்லைட்டு இங்கன இருக்குல்லா" என்றார். மேலும் தம்பி இருப்பது குவைத்தில். அங்கே வெயில் அடிக்கும் திசை வேறாகத்தானே இருக்கும்? திருத்திக்கொள்ள வேண்டியவர்கள் விதியை எழுதியவர்களே.

பின்னணி ஓவியத்தில் ஒரு புதிர் இருக்கிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் யாரும் கடலைப் பின்னணியாக வைப்பதில்லை. கடல் என்பது இங்கே துறைமுகம், விசைப்படகு, டீசல் விலை, கொண்டாட்டத்துக்கு ஆகாது. வேண்டியது பனிமலை. சித்தி மகன் முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் எடுத்த உப்புக் குவியல் படத்துக்கு நீலம் கொஞ்சம் ஏற்றி, சுவிட்சர்லாந்து என்று போட்டான். கோயம்புத்தூர் உறவினர்கள் எப்போது போனீர்கள் என்று விசாரித்தார்கள். பனி பெய்யும் எஃபெக்ட்டுக்கோ இங்கே ஆன்மிக அங்கீகாரமே இருக்கிறது. பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் நிறைகிறது. அந்த நாட்களில் ஸ்டேட்டஸ்தோறும் பனி கொட்டும். வெளியே முதுகில் வேர்வை கொட்டும். எந்த மதத்தவர் வீட்டு ஸ்டேட்டஸ் என்ற பேதமே கிடையாது.

இனிச் சுவடியியல். வாட்ஸப் ஸ்டேட்டஸ் படமும் வீடியோவுமாக மாறியது 2017இல். ஆயுள் 24 மணி நேரம். எனவே மூலப் பிரதிகள் பெரும்பாலும் அழிந்தன. நமக்குக் கிடைப்பவை ஸ்கிரீன்ஷாட் வழிப் படிகளே. படியின் மேல் விளிம்பில் மணியும் பேட்டரி அளவும் இருக்கும். காலவரையறைக்குக் கல்வெட்டில்கூட இவ்வளவு வசதி இல்லை. பேட்டரி 9 என்றிருக்கும் படி சித்தப்பாவுடையது. அவர் போன் என்றும் அந்த நிலையில்தான்.

படிகளை ஒப்பிட்டால் பாடபேதம் தெரிகிறது. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பட்ட பாட்டில் ஒரு பங்கை ஒரே ஒரு வளைகாப்புப் படத்துக்கு நானும் பட்டேன். சித்தி வெளியிட்ட பிரதியில் இடக்கோடியில் மதினியின் மாமியார் நிற்கிறார். மதினி வீட்டுக் குழுவில் உலவும் பிரதியில் அந்த இடம் வெட்டப்பட்டு, மாமியாரின் வளையல் கை மட்டும் மதினி தோளில் மிச்சமிருக்கிறது. மூன்றாம் பிரதி ஒன்றில் கையும் இல்லை, அங்கே வண்ணத்துப்பூச்சி. பூச்சி இருப்பதால் இதுவும் சித்தியின் கைவண்ணமோ என்று ஐயுற்றேன். ஆனால் இந்தப் பூச்சி நீலம். சித்தியுடையது எப்போதும் ஆரஞ்சு. ஆகவே இடைச்செருகல். செருகியது யார் என்று எனக்குத் தெரியும். எழுதினால் தீபாவளிக்கு அந்த வீட்டில் காலெடுத்து வைக்க முடியாது. ஆய்வின் எல்லை இவ்விடத்தில் வகுக்கப்படுகிறது.

படத் தேர்வு பற்றி ஒன்று. இக்கடற்கரையில் முத்துக் குளித்த காலத்தில், எடுத்த முத்தைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அனதாரி என்று தொடங்கிக் குறுவல் வழியாகத் தூள் வரை தரம் பிரிப்பார்கள். 1961க்குப் பின் முத்துக்குளிப்பு இங்கே நின்றுபோனது. சலிக்கும் வேலை சித்தியிடம் வந்திருக்கிறது. கண் திறந்து, முகம் நேராக, கழுத்து முழுதும் தெரியும் படம் ஆணி. கல்யாணப் பந்தியில் வாய் நிறையச் சோறோடு எடுத்தது குறுவல். பெரியப்பாவின் படம் வாக்காளர் அட்டையிலிருந்து போட்டோ எடுத்தது, அது தூள். ஆனால் தூளை முத்து வியாபாரி மலிவாகத் தள்ளிவிடலாம். பெரியப்பாவைத் தள்ள முடியாது. சித்தி அவரைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுற்றிலும் மற்ற எல்லாரையும் கறுப்பு வெள்ளையாக்கி, பிள்ளையை மட்டும் வண்ணத்தில் விட்டார். அந்தப் படத்துக்குத்தான் குழுவில் அதிகம் இதயம் விழுந்தது. எதிர்வீட்டு அக்கா மறுவாரமே அந்த முறையைப் பின்பற்றினார். அவர் வீட்டில் அப்படி ஒரு பெரியப்பா இல்லை, ஆகவே ஏன் செய்தோம் என்று அவருக்கே தெரியாது.

இவ்வாய்வைப் படிக்கும் உறவினர்களுக்குச் சித்தி சார்பில் ஒரு விண்ணப்பம். விசேஷத்துக்கு முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டோ அனுப்பாதீர்கள். இரண்டு நாள் முன்னால் அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸப் நசுக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். வெள்ளைச் சுவர் வேண்டாம். கூலிங்கிளாஸைக் கழற்றுங்கள். தாய்மாமன்மார் தனியாக நின்று எடுத்த படமாக அனுப்பவும்.