முகங்களைத் திருத்தித் தரக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு அதிகாரிகள், ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு,
மெட்டா நிறுவனம், மென்லோ பார்க், கலிபோர்னியா.

பொருள்: வாடிக்கையாளர் முகங்களைத் தங்கள் அளவுக்குக் கொண்டுவருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

2024 பிப்ரவரியில் தங்கள் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் சோபாவில் உட்கார்ந்தபடி ஒரு வீடியோ வெளியிட்டார். ஆப்பிளின் விஷன் ப்ரோ என்ற மெய்நிகர்த் தலைக்கருவியை மாட்டிப் பார்த்தாராம். நம் குவெஸ்ட் 3தான் மேல் என்றார். வேறு தீர்ப்பு வந்திருந்தால்தான் செய்தி. எடை குறைவு, விலை ஏழில் ஒரு பங்கு என்று அவர் அடுக்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று அது 3,499 டாலர், இது 499. ஆனால் அத்தனை சொன்னவர், தம் இரு கண்பாவைகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லாத முதல் அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

2016ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் தங்கள் ஆக்குலஸ் ரிஃப்ட், ஏப்ரலில் எச்.டி.சி. வைவ், அக்டோபரில் சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர். மூன்றையும் போட்டுப் பார்த்தவர்கள் மூன்று விதமாகச் சொன்னார்கள்; எல்லோரும் சொன்னது நிஜம். வைவுக்கு அறையின் மூலைகளில், தலைக்கு மேலே இரண்டு பெட்டிகளை மாட்ட வேண்டும். காலி அறை வைத்திருந்தவர் உள்ளே நடந்து பார்த்து மெய்மறந்தார். கட்டில் வைத்திருந்தவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். 599 டாலர் கொடுத்து ரிஃப்ட் வாங்கியவருக்குப் பெட்டிக்குள் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்தான் இருந்தது. மெய்நிகர் கைகள் டிசம்பரில்தான் வந்தன. சோனியின் படம் சற்றுச் சொரசொரப்பு. ஆனால் எடையை நெற்றி வளையம் தாங்கியதால் கண்ணாடிக்காரர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். கருவியை எடை போடுவதாக நினைத்து அவரவர் தம் மூக்கையும் வீட்டையும்தான் எடை போட்டார்கள் என்பது என் கட்சி.

கண்ணுக்கு வருகிறேன். கண்பாவைகளின் இடைவெளியைக் கண்ணாடிக் கடைக்காரர் சீட்டில் 'பி.டி.' என்று எழுதித் தருவார்; அந்த எண்ணுக்கு ஏற்ப லென்ஸ் நகர வேண்டும். இல்லையென்றால் படம் மங்கும், கண் வலிக்கும், பத்தாவது நிமிடத்தில் 'இந்தக் கருவி சரியில்லை' என்ற தீர்ப்பு வந்துவிடும். 2016 ரிஃப்ட்டில் அதற்கு நகர்த்தும் வசதி இருந்தது. 2019 ரிஃப்ட் எஸ்ஸில் லென்ஸ் அசையவே அசையாது. 2020 குவெஸ்ட் 2இல் கருணை கூர்ந்து மூன்று நிலைகள் அருளினீர்கள்: 58, 63, 68 மி.மீ. 2023 குவெஸ்ட் 3இல் திருகுச் சக்கரம் திரும்பி வந்தது. மறு ஆண்டே குவெஸ்ட் 3எஸ்ஸில் மறுபடியும் அதே மூன்று. மலிவு விலையில் சக்கரத்துக்கு இடமில்லையாம். 2024இல் மட்டும் தங்கள் பிரிவின் இயக்க நட்டம் 1,770 கோடி டாலர். அவ்வளவு பெரிய பள்ளத்துக்குள் ஒரு சின்னச் சக்கரத்தை யாரும் தவறவிடவில்லை என்பது வியப்புத்தான்.

குவெஸ்ட் 2இன் முகப் பஞ்சு சிலர் தோலில் தடிப்பை உண்டாக்கியதால், 2021இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் பஞ்சுகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியானதும், சிலிகோன் உறை இலவசமாகக் கிடைத்ததும் நினைவிருக்கிறது. அதைப் பழிக்க மாட்டேன். தோலும் தவறான அளவில் பிறந்திருக்கலாம்.

ஆகவே கோரிக்கைகள். ஒன்று, பிறப்புச் சான்றிதழிலேயே 58, 63, 68 என மூன்று கட்டங்கள் அச்சிட உலக நாடுகளை வற்புறுத்தவும். இடையில் பிறப்பவர்களுக்கு அபராதம் விதிக்கலாம். அடுத்து, காது. விளையாட்டில் ஓடும்போது 'ஓடுகிறோம்' என்று கண் சொல்கிறது, 'நாற்காலியில்தான் இருக்கிறோம்' என்று உட்செவி சொல்கிறது, நடுவில் வயிறு குமட்டுகிறது. விளையாடி முடிக்கும்வரை உட்செவியைக் கழற்றி வைக்க ஒரு சிறு டப்பாவைச் சார்ஜருடன் சேர்த்துத் தந்தால் போதும்.

மூக்கோரம் கசியும் வெளிச்சம் குறித்துத் தனி விண்ணப்பம் அனுப்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு முகம்

இணைப்பு: கண்ணாடிக் கடைச் சீட்டு, நகல் (65.5 மி.மீ.)